உறையூரைப் பார்த்து அடித்தால்

பெரிய கடை வீதியில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக்குக்குக் காரணம் இல்லாமல் நடக்கத் தெரியாது. சரக்கு வந்தால் ரயிலடிக்குப் போவார். தொழுகை நேரம் வந்தால் பள்ளிவாசலுக்குப் போவார். யாராவது செத்துப்போனால் அந்த வீட்டுக்குப் போவார். மற்றபடி காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது கடை சாத்தும்போதுதான். ஜூன் மாதத்தில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் கூட்டம் அலைமோதும். அப்போதும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குச்சியால் பெட்டியைத் தட்டிக் காட்டி வியாபாரம் செய்துவிடுவார்.

1958-இல் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் கிளமென்ட் அவருடைய பழைய வாடிக்கைக்காரர். மகள்கள் மூன்று பேருக்கும் அவர் கடையில்தான் பெட்டி வாங்கியவர். அவர் உரிமையோடு அதட்டினார்.

“தினம் மூணு மைல் நடக்கணும், பாய்.”

“எங்க டாக்டர்?”

“எங்கேயாவது.”

“எங்கேயாவதுன்னா எங்க? ஒரு இடம் சொல்லுங்க, போயிட்டு வரேன். போய் அங்க என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். திரும்பி வந்துடணும்.”

இது சாதிக்குக்குப் புரியவே இல்லை. ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவதற்கு எதற்குப் போவது? ஒருநாள் முயற்சி செய்தார். காவிரிப் பாலம் வரை நடந்தார். அங்கே நின்று ஆற்றைப் பார்த்தார். ஆறு இருந்தது. ஜட்கா பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மாதம் முடிந்து மறுபடி சோதித்துப் பார்த்தபோது சர்க்கரை முன்னைவிடக் கூடியிருந்தது. கிளமென்ட் சீட்டை மடித்து மேஜையில் வைத்தார்.

“சரி. ஒரு பந்தை நீங்களே தூரமா அடிச்சு எறிஞ்சா, அதை எடுக்கப் போவீங்களா, மாட்டீங்களா?”

“என் பந்துன்னா போய்த்தானே ஆகணும்?”

“ஞாயித்துக்கிழமை காலையில வாங்க.”

எடமலைப்பட்டி புதூர் போகிற வழியில் ஒரு பொட்டல் இருந்தது. வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் அங்கே கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு உள்ளூர் டாக்டர்களும் வக்கீல்களும் அதிகாரிகளும் அந்த கிளப்பை நடத்தினார்கள். புல் என்பது பெயருக்குத்தான். குழி இருக்கும் இடத்தைச் சுற்றிலும் எண்ணெய் கலந்த மணலைக் கெட்டியாகப் பரப்பி வைத்திருப்பார்கள். மேய்க்க வந்த ஆடுகள் கொடிக்கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்.

கைலியோடு வந்து இறங்கிய சாதிக்கைக் கிளப் செயலாளர் ரத்தினவேல் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அதைச் சாப்பாட்டைவிடப் பெரிதாக நினைப்பவர். “பேன்ட் போட்டாத்தான் உள்ளே” என்றார். அடுத்த ஞாயிறு சாதிக் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். பேன்ட் தைத்தவர் கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்த தையல்காரர் ரசூல்.

முதல் குழி வடக்குப் பார்த்தது. தூரத்தில் மலைக்கோட்டை தெரியும். “உச்சிப்பிள்ளையாரைப் பார்த்து நேரா அடிங்க, பாய்” என்றார் கிளமென்ட். சாதிக் மட்டையைத் தூக்கிப் பலங்கொண்ட மட்டும் வீசினார். பட்டென்று ஒரு சத்தம். பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழி போனதும் ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டதுபோல வலது பக்கம் திரும்பி, வளைந்து, வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

“ஸ்ரீரங்கத்தைப் பார்த்து அடிச்சேன், சமயபுரத்துக்குப் போகுது” என்றார் சாதிக்.

“இதுக்குப் பேரு ஸ்லைஸ்.”

“பேக்கரியில ரொட்டி வெட்டுறாங்களே, அதுவா?”

“அதேதான். பந்தை நீங்க அடிக்கல, சீவி விடுறீங்க. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இருக்கும். போயிடும்.”

சாதிக்குக்கு அந்த வளைவு ஒரு பொருட்டாகவே படவில்லை. தன் கையால் ஒரு பொருள் அவ்வளவு தூரம் பறந்துபோகும் என்று அவர் அதுவரை கனவிலும் நினைத்ததில்லை. வேலியை நோக்கி வேகமாக நடந்தார். கிளமென்ட் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

சொந்தமாகப் பந்து வாங்க வேண்டும் என்றதும் சாதிக்குக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். “தோல் கெட்டியா இருக்கிற பந்தா வாங்குங்க” என்று கிளமென்ட் சொல்லி அனுப்பியிருந்தார். “மெல்லிசுத் தோல் பந்து கை தேர்ந்தவங்களுக்கு. அது காத்துல ரொம்பச் சுத்தும். உங்க அடிக்கு இன்னும் அதிகமா வளையும்.” ஆனால் விளையாட்டுச் சாமான் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, விலை கூடினது மெல்லிசுத் தோல்தான் என்று தெரிந்தது. விலை கூடின பெட்டியைத் தள்ளிவிட்டு விலை குறைந்த பெட்டியை வாங்கச் சொல்லும் ஆளை அவர் தம் கடையில் என்றைக்கும் நம்பியதில்லை. மெல்லிசுத் தோலிலேயே ஒரு டஜன் வாங்கினார்.

அந்த ஞாயிறே அவற்றில் பாதி வாயைப் பிளந்தன. மட்டையின் இரும்பு விளிம்பு பந்தின் நடுவில் பட்டால் தோல் கிழிந்து, பந்து பல்லைக் காட்டிச் சிரிப்பதுபோல ஆகிவிடும். சிரிக்கும் பந்துகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி ஷரபுன்னிசா ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே இடியாப்பம்போல ரப்பர் நூல் சுற்றியிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். அடுப்படியில் ஆரம்பித்துக் கூடத்தைத் தாண்டி முற்றத்துக்குப் போய்விட்டாள், நூல் தீரவில்லை.

“யா அல்லாஹ், இது என்னங்க முடியவே மாட்டேங்குது?”

“உனக்கெதுக்கு அந்த வேலை?”

“ஊறுகா ஜாடிக்கெல்லாம் வேடு கட்டலாம். எவ்வளவு இறுக்கமா இருக்கு பாருங்க!”

அன்று அந்த வீட்டின் எல்லா ஜாடிகளின் வாயும் கட்டப்பட்டது. அடுத்த ஞாயிறு சாதிக் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். “பக்கத்து வீட்டு ஷரீபாவும் கேட்டா. இன்னும் ரெண்டு பந்து மட்டும் உடைச்சுட்டு வாங்க.”

வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துகொண்டிருந்த காலம் அது. பந்துகளை ஊறுகாய் ஜாடிக்குத் தத்தம் செய்துகொண்டே போக முடியாது. சாதிக் அடுத்தபடியாக, அடிபட்ட பழைய பந்துக்குப் புதுத் தோல் போட்டு வெள்ளைப் பெயின்ட் அடித்து விற்பதில் கொஞ்சம் வாங்கிவந்தார். அவற்றில் சில ஒரு பக்கம் கனமாக இருக்கும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். உப்புத் தண்ணீரில் மிதக்க விட்டு உருட்டினால், கோணல் பந்து ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தை மேலே காட்டி நிற்குமாம். சாதிக் பிரியாணிச் சட்டியை இறக்கி, தண்ணீர் ஊற்றி, பந்து மிதக்கும்வரை உப்பைக் கொட்டினார். மேலே வந்து நின்ற இடத்தில் சுருமாக் குச்சியால் ஒரு புள்ளி வைத்தார். உருட்டிவிட்டார். புள்ளி சுற்றிவந்து அவரைப் பார்த்து நின்றது. இன்னொரு பந்து. அதுவும் அவரைப் பார்த்தது. சட்டி நிறையக் கண்கள் முழித்துக்கொண்டிருந்தபோது ஷரபுன்னிசா உள்ளே வந்தாள். உப்பு ஜாடி காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஆணம் எதுல வைக்கிறது? இந்தத் தண்ணியிலயா?”

அன்றைக்கு ஆணமும் சோறும் ஹோட்டலிலிருந்துதான் வந்தன.

நல்ல பந்தோ கோணல் பந்தோ, அடித்தால் வலது பக்க வேலிக்கு அந்தப்புறம் போய்விடும் என்பதில் மாற்றம் இல்லை. வேலிக்கு அந்தப்புறம் வியாகுலம்மாளின் கத்தரித் தோட்டம் இருந்தது. தனி ஆளாகத் தோட்டத்தையும் ஒரு கூட்டம் கோழிகளையும் வைத்துச் சமாளித்துவந்த பெண்பிள்ளை அவர். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்த் திரும்பும் நேரமும் சாதிக் பந்து அடிக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. “மாதாவே, திரும்பவுமா!” என்ற குரல் வேலிக்கு அந்தப்புறம் கேட்டால் பந்து கிடைக்கும் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

ஒருநாள் பை காலியாகிவிட, சாதிக் நேரிலேயே போய்க் கேட்டார்.

“அம்மா, நம்ம பந்து கொஞ்சம் இங்க இருக்குங்களே…”

“இருக்கு. இப்பத் தர முடியாது, பாய்.”

“ஏன்?”

“கோழி அடைக்கு உக்காந்திருக்கு.”

குடிசை ஓரத்தில் ஒரு கூடை. அதில் ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி இறகை விரித்து, இந்த உலகத்தில் தன்னைவிடப் பொறுப்பானவர் யாரும் இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது. முட்டை இடப் பழக்கலாம் என்று கூடையில் இரண்டு பந்தைப் போட்டு வைத்தாராம் வியாகுலம்மாள். கோழி அவற்றின் மேல் அடை உட்கார்ந்துவிட்டது. அப்புறம் விழுந்ததையும் பக்கத்தில் போட, எல்லாவற்றையும் அது அணைத்துக்கொண்டுவிட்டது.

“அது பந்துங்கம்மா!”

“அதுக்குத் தெரியாதே! அடைக் கோழியை எழுப்புனா பாவம். இருபத்தோரு நாள் கழிச்சு வாங்க.”

“இருபத்தோரு நாள் ஆனா என்ன பொரிக்கும்?”

“அதை அப்பப் பார்த்துக்கலாம்.”

சாதிக் மெல்லக் குனிந்து கூடைக்குள் கையை விட்டார். கோழி அவர் மணிக்கட்டில் கொத்திய கொத்தில் இரண்டு வாரம் மட்டையைப் பிடிக்க முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் பந்துகளைப் பார்க்க மட்டும் போய்வந்தார். அப்போதுதான் ஒன்று கவனித்தார். கூடைக்கு வெளியே சில பந்துகள் உருண்டு கிடந்தன. அத்தனையும் பெயின்ட் அடித்த பழைய பந்துகள்.

“வாசனை பிடிக்கலை போல. மூக்கால தள்ளித் தள்ளி விட்டுடுச்சு” என்றார் வியாகுலம்மாள்.

மெல்லிசுத் தோல் பந்துகள் கோழியின் நகம் பட்டே கிழிந்து நூலைக் கக்கிக்கொண்டிருந்தன. கோழி மாரோடு அணைத்து வைத்திருந்தது, சாதிக் ஒருமுறை கிளமென்டிடம் கடன் வாங்கித் தொலைத்த கெட்டித் தோல் பந்துகளை மட்டும்தான்.

டாக்டர் சொன்னதைக் கேட்காதவர், டாக்டரும் கோழியும் ஒரே மாதிரி சொன்னதும் கேட்டுவிட்டார். அன்றே போய்க் கெட்டித் தோல் பந்து வாங்கினார். அவை கிழியவில்லை. வளைவும் கொஞ்சம் குறைந்தது. கத்தரித் தோட்டத்தின் நடுவில் விழுந்துகொண்டிருந்த பந்து இப்போது வேலி ஓரத்து முதல் வரிசைச் செடியில் விழுந்தது. ஷரபுன்னிசாவுக்குத்தான் வருத்தம். நூல் வரத்து நின்றுபோயிற்று.

ஸ்லைஸ் முழுவதும் போகவில்லை என்பதால் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கிளமென்ட், “குனிஞ்சு பாருங்க, இடது கையில ரெண்டு மூணு விரல் கணு தெரியணும், அப்படிப் பிடிங்க” என்றார். சாதிக் கணுவைப் பார்த்துக்கொண்டே அடித்ததில் பந்து பட்டதா என்றே பார்க்கவில்லை. “வலது முழங்கையை விலாவை விட்டுப் பிரிக்காதீங்க” என்றும் கிளமென்ட் சொல்லிப் பார்த்தார். மட்டையைத் தூக்கிய மறுகணம் சாதிக்கின் முழங்கை கோழி இறக்கையைப்போல விரிந்துகொள்ளும். ரத்தினவேல் தலையை ஆட்டக்கூடாது என்றார். தலையை ஆட்டாமல் இருந்ததில் சாதிக்குக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் வாடிக்கைக்காரர்களை உடம்போடு திரும்பித்தான் பார்த்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பந்து எப்படியும் வலது பக்கம் போகத்தான் போகிறது. அப்படியானால் இடது பக்கம் பார்த்து அடித்தால் என்ன? மலைக்கோட்டையை விட்டு உறையூரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அடித்தார். பந்து உறையூருக்குக் கிளம்பி, மனம் மாறி, வளைந்துவந்து மலைக்கோட்டைக்கு நேராக மைதானத்தின் நடுவில் விழுந்தது. சாதிக் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளமென்டைப் பார்த்தார்.

“இது வைத்தியம் இல்ல, பாய். வியாதியோட சமரசம்.”

“சமரசத்துலதான் டாக்டர் வியாபாரமே நடக்குது.”

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. எந்தக் குழிக்கு எந்த ஊரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். சர்க்கரையும் இறங்கியது, உடம்பும் இளைத்தது. 1961-இல் கிளப்பின் ஆண்டுவிழாப் போட்டிக்கு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போட்டிக்குப் புதுச் சட்டை வேண்டும் என்று ஷரபுன்னிசாவே துணி எடுத்து ரசூலிடம் கொடுத்தாள். “அவங்க ரொம்ப இளைச்சுட்டாங்க. பழைய அளவு பொருந்தாது” என்று சொன்னாள். ரசூலுக்கு அளவு நாடாவில் நம்பிக்கை கிடையாது. ஆளைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்பார். அன்று பார்க்கவும் இல்லை. “ரொம்ப” என்ற சொல்லை வைத்தே வெட்டிவிட்டார். போட்டி அன்று காலையில் சட்டையைப் போட்ட சாதிக்குக்குக் கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. மாற்றிக்கொள்ள நேரம் இல்லை. வாசலில் கிளமென்டின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மைதானத்தில் முதல் குழிக்கு இடது பக்கமாக விருந்தினர்களுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். அண்டா நிறைய நன்னாரி சர்பத், அதில் பனிக்கட்டி. வழக்கப்படி சாதிக் உறையூரைப் பார்த்து நின்றார். உறையூருக்கும் அவருக்கும் நடுவில் இப்போது பந்தல் இருந்தது.

“பாய், பந்தலைப் பார்த்து நிக்கிறீங்க” என்றார் ரத்தினவேல், அண்டா பக்கத்திலிருந்து.

“கவலைப்படாதீங்க சார். அது வளைஞ்சு வந்துடும்.”

சாதிக் மட்டையைத் தூக்கினார். சட்டை வலது முழங்கையை விலாவை விட்டுப் பிரிய விடவில்லை. வீசினார். கேட்டறியாத ஒரு சத்தம் வந்தது. கனமான, இனிமையான சத்தம். பந்து கிளம்பியது. வளையும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சாதிக்கும் காத்திருந்தார். அது ஒரு இம்மிகூட வளையவில்லை. நூல் பிடித்ததுபோல நேராகப் போய், பந்தலின் ஓலைக்கு அடியில் நுழைந்து, சர்பத் அண்டாவில் விழுந்தது. ரத்தினவேலின் வெள்ளைக் கோட்டு நன்னாரி நிறத்துக்கு மாறியது.

சாதிக்குக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அதற்குள் ரத்தினவேல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விதியைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“தண்ணியில விழுந்தா அபராதம். அடிச்ச கணக்குல ஒண்ணு கூடும்.”

“இது தண்ணி இல்ல, சர்பத்” என்றார் கிளமென்ட்.

“சர்பத்துலயும் தண்ணிதானே இருக்கு?”

“உங்க ரத்தத்துலயும்தான் தண்ணி இருக்கு. அண்டா மைதானத்தோட சேர்ந்ததா? வாடகைக்கு எடுத்து வந்தது. நகர்த்தக்கூடிய தடை. அபராதம் கிடையாது.”

“நகர்த்துங்க பார்ப்போம், எத்தனை பேர் வேணும்னு!”

விருந்தாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கடைசியில் வரிசையில் முதல் ஆளாக டம்ளரோடு நின்ற ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, “ஐஸ் கரையுறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. அபராதம் வேண்டாம்” என்று தீர்ப்புச் சொன்னார். பந்தைக் கரண்டியால் எடுத்துத் துடைத்துப் பந்தலுக்கு வெளியே போட்டார்கள். சாதிக் அங்கிருந்து, இந்தத் தடவை பயத்தில் நேரே கொடியையே பார்த்து, அடித்தார். நேராகப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் மணலில் நின்றது. அடுத்த குழியிலும் நேர். அதற்கடுத்ததிலும் நேர்.

கிளமென்ட் அருகில் வந்தார். “பாய், முழங்கை! ரெண்டு வருஷமா தொண்டை கிழியச் சொன்னேனே, அந்த முழங்கை!”

“நானா வெச்சிருக்கேன்? ரசூல் பிடிச்சு வெச்சிருக்கார்.”

நான்காவது குழியில் மட்டையைத் தூக்கும்போது அக்குளில் டர்ரென்று ஒரு கிழிசல். கை விடுதலை பெற்றது. பந்து வலது பக்கம் வளைந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. அன்றைக்குப் போட்டியில் அவர்தான் கடைசி.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கிழிந்த சட்டையோடு ரசூல் கடைக்குப் போனார். ரசூல் அதைப் பார்த்ததுமே எழுந்து நின்றார். “மன்னிச்சுக்குங்க பாய். முப்பது வருஷத் தொழில்ல இப்படி ஒரு தப்பு வந்ததில்ல. காசு வேணாம், வேற தைச்சுத் தரேன்.”

“வேற வேணாம். இதே மாதிரி நாலு தைச்சுக் குடுங்க.”

“எதே மாதிரி?”

“இதே இறுக்கம். கை தூக்க முடியக் கூடாது.”

ரசூல் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னைக் கேலி பண்றீங்களா பாய்?”

விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தேநீர் இரண்டு முறை வந்தது. ரசூல் அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு வாரம் கழித்து வந்த நாலு சட்டையும் அச்சில் வார்த்ததுபோலக் கச்சிதமாகப் பொருந்தின. கையைத் தூக்கலாம், சுழற்றலாம், மாம்பழம் பறிக்கலாம். “தப்பாத் தைக்கணும்னுதான் உக்காந்தேன், பாய். கத்தரிக்கோல் போக மாட்டேங்குது” என்று ரசூல் தலையைச் சொறிந்தார்.

வேறு வழியில்லாமல் சாதிக் ஒரு கைத்துண்டை மடித்து வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு அடித்துப் பழகினார். துண்டு விழுந்தால் முழங்கை பிரிந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மாதம் பந்துக்கு முன்னால் துண்டுதான் பறந்தது. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதும் இடுக்கிக்கொண்டே இருந்தார். பெட்டி வாங்க வந்தவர்கள் பாய்க்குக் காய்ச்சலா, தெர்மாமீட்டர் வைத்திருக்கிறாரா என்று விசாரித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் துண்டு விழுவது நின்றுவிட்டது. மலைக்கோட்டையைப் பார்த்து அடித்தால் பந்து ஏறக்குறைய மலைக்கோட்டைக்கே போகத் தொடங்கியது.

அடுத்த வருஷப் போட்டியில் சாதிக் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஷரபுன்னிசா வாசலிலேயே கேட்டாள்.

“ஜெயிச்சீங்களா?”

“இல்ல. ஆனா ஒருத்தரை ஜெயிச்சேன்.”

“யாரை?”

சாதிக் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தார். அப்புறம்தான் சொன்னார். “டாக்டரை.”

கிளமென்டின் பந்து அன்றைக்கு முதல் குழியிலிருந்தே வலது பக்கம் வளைந்துகொண்டே இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது அவர் ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினார். சாதிக்குக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. நாகரிகம் கருதி, துறையூர்ப் பக்கம் இந்த வருஷம் நல்ல மழையாமே என்று பேசிக்கொண்டு வந்தார்.